கட்டிய பணத்திற்குக் கணக்கு எங்கே?

1999 ஜனவரி 10ஆம் நாள் விடியற்காலையில் தில்லி லோதி காலனிப் பகுதியில் ஒரு பி.எம்.டபிள்யூ கார் ஆறு பேரைக் கொன்றது. இறந்தவர்களில் மூவர் பணியில் இருந்த காவலர்கள். ஓட்டியவர் கடற்படை முன்னாள் தலைமைத் தளபதியின் பேரர், குடித்திருந்தார். பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 2012 ஆகஸ்ட் 3 அன்று, கொலையாகாத மரணம் விளைவித்த குற்றம் அவர்மீது மெய்ப்பிக்கப்பட்டதாக உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் தண்டனையை அவர் ஏற்கெனவே கழித்துவிட்ட இரண்டாண்டுச் சிறையோடு நிறுத்திக்கொண்டது. கூடுதலாக இரண்டு ஆண்டுகள் சமூகப் பணி செய்ய வேண்டும், 50 லட்சம் ரூபாயை ஒன்றிய அரசிடம் கட்ட வேண்டும் என்று கட்டளையிட்டது.

இந்த 50 லட்சத்தைப் பற்றிய வாசகம் கவனத்திற்குரியது. மோதிவிட்டுத் தப்பிய வாகனங்களால் பாதிக்கப்பட்டோருக்கு மட்டுமே அப்பணம் பயன்பட வேண்டும், அதற்கெனத் தனிக் கணக்குத் தலைப்பில் அது வைக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் கூறியது. இந்த அளவுக்கேனும் கணக்கைப் பற்றிப் பேசும் தீர்ப்புகள் அரிது. எனினும், அத்தலைப்பில் எவ்வளவு இருக்கிறது, எத்தனை குடும்பங்களுக்குப் போய்ச் சேர்ந்தது என்று அரசு யாருக்கேனும் அறிக்கை தர வேண்டும் என்னும் கட்டளை அதில் இல்லை. பணம் கட்டத் தவறினால் குற்றவாளிக்கு ஓராண்டுச் சிறை. கணக்குக் காட்டத் தவறினால் அரசுக்கு எதுவும் இல்லை.

குடித்துவிட்டு வாகனம் ஓட்டித் தண்டிக்கப்பட்டவர்களிடமிருந்து நீதிமன்றங்கள் வழியாக வசூலாகும் பணம் நாடெங்கும் இந்த நிலையில்தான் இருக்கிறது. வாங்குவதற்குச் சட்டம் உண்டு, ரசீது உண்டு. கொடுத்ததற்குக் கணக்கு இல்லை.

இங்குச் சொற்களைப் பிரித்துப் பார்ப்பது பயன்தரும். அன்றாடப் பேச்சில் எல்லாமே 'ஃபைன்' என்று ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. உண்மையில் அவை மூன்று வேறு பணங்கள். அபராதம் என்பது அரசுக்குச் செலுத்தும் தண்டத்தொகை. அது கருவூலத்திற்குப் போகிறது. இழப்பீடு என்பது அடிபட்டவருக்கும் இறந்தவரின் குடும்பத்திற்கும் உரியது. மூன்றாவது, செலவு மீட்பு: வழக்கு நடத்திய செலவை அரசும், கொடுத்துவிட்ட இழப்பீட்டைக் காப்பீட்டு நிறுவனமும் குற்றவாளியிடமிருந்து திரும்பப் பெறுவது. தமிழ்க் கல்வெட்டுகளிலேயே தண்டம் என்ற சொல் அரசுக்குப் போகும் பணத்தைத்தான் குறித்தது. அச்சொல்லே பின்னர் 'தண்டச் செலவு' என்று வீணானதையும் குறிக்கத் தொடங்கியதில், பணம் கட்டிய மக்களின் அனுபவம் பதிந்திருக்கிறது போலும்.

இந்த மூன்றையும் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 357ஆம் பிரிவு ஒன்றாகக் கட்டி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 395ஆம் பிரிவு அதை ஏறக்குறைய அப்படியே வாங்கிக்கொண்டது. பெயர் மாறியது, பொருள் மாறவில்லை. விதிக்கப்பட்ட அபராதத்தை எதற்கெல்லாம் பயன்படுத்தலாம் என்று அப்பிரிவு அடுக்கும்போது முதலில் நிற்பது வழக்கு நடத்திய செலவு. பாதிக்கப்பட்டவரின் இழப்பு அதற்கு அடுத்து வருகிறது. இது முன்னுரிமை வரிசை என்று சட்டம் சொல்லவில்லைதான். பாதிக்கப்பட்டவருக்கே முன்னுரிமை என்றும் அது சொல்லவில்லை. எல்லாம் 'பயன்படுத்தலாம்' என்னும் ஒரு வினைச்சொல்லில் தொங்குகிறது.

அந்த 'லாம்' நீதிபதிகளுக்கு எவ்வளவு வசதியாகிவிட்டது என்பதை உச்சநீதிமன்றமே ஒப்புக்கொண்டிருக்கிறது. அங்குஷ் சிவாஜி கெய்க்வாட் வழக்கில் 2013 மே மாதம் வந்த தீர்ப்பு, இழப்பீடு கொடுப்பதா இல்லையா என்பது நீதிமன்றத்தின் விருப்பத்திற்குரியதாக இருக்கலாம், ஆனால் அதைப் பற்றிச் சிந்தித்துக் காரணத்தைப் பதிவு செய்வது ஒவ்வொரு குற்றவியல் வழக்கிலும் கட்டாயம் என்றது. கீழ் நீதிமன்றங்கள் அப்பிரிவைப் பெரும்பாலும் மறந்தே போய்விட்டன என்ற வருத்தமும் அதில் இருந்தது. 2020 நவம்பரில் தில்லி உயர்நீதிமன்றத்தின் முழு அமர்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. தண்டிக்கப்பட்டவர் தம் வருமானத்தையும் சொத்தையும் உறுதிமொழிப் பத்திரத்தில் தாக்கல் செய்ய வேண்டும். சட்டப் பணிகள் ஆணைக்குழு விசாரித்துப் பாதிக்கப்பட்டவரின் நிலை குறித்து அறிக்கை தர வேண்டும். அதன் பின்னரே இழப்பீட்டை முடிவு செய்ய வேண்டும் என்றது. நல்ல முறை. ஆனால் அது தில்லிக்கு உள்ளேயே நின்றுவிட்ட முறை.

கோரமண்டலில் நிலைமை என்ன? தங்கவயலின் அந்தப் பகுதியில் லைன் வீடுகளில் வாழும் தமிழ்க் குடும்பங்கள், பாரத் தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28இல் மூடப்பட்ட பிறகு, பெங்களூருவின் கட்டுமானத் தளங்களையும் ஆயத்த ஆடை ஆலைகளையும் கடைகளையும் நம்பி வாழ்கின்றன. மாரிக்குப்பத்தில் புறப்பட்டுப் பங்காரப்பேட்டை வழியாகச் செல்லும் ரயிலில் விடியுமுன் போய், இருட்டிய பின் திரும்பும் மக்கள் அவர்கள். ரயிலைத் தவறவிட்டவர்களுக்குச் சாலைதான். பெங்களூரு–சென்னை விரைவுச்சாலையின் ஹொஸ்கோட்டே–பேத்தமங்கலம் பகுதி 2024 டிசம்பரில் திறந்துவிடப்பட்டதிலிருந்து பெருநகரத்துக் கார்களின் வேகமும் தங்கவயலின் வாசலுக்கே வந்துவிட்டது. சுரங்கத்தோடு சேர்ந்து சுரங்க மருத்துவமனையும் போய்விட்டது. பலத்த அடிபட்டவரைக் கோலாருக்கோ பெங்களூருவுக்கோ கொண்டுசெல்ல வேண்டும்.

இத்தகைய குடும்பம் ஒன்றில் சம்பாதிப்பவர் குடிகாரர் ஒருவரின் காரில் அடிபட்டு இறந்தால் நடப்பது இது. குற்ற வழக்கு ஒரு நீதிமன்றத்தில் நடக்கும். இழப்பீட்டு மனு மோட்டார் வாகன விபத்துத் தீர்ப்பாயத்தில் நடக்கும். குற்றவாளி அபராதம் கட்டினாரா, அதில் ஏதேனும் இழப்பீடாக ஒதுக்கப்பட்டதா என்று குடும்பத்திற்கு எவரும் கடிதம் எழுதுவதில்லை. ஒதுக்கப்பட்டிருந்தாலும், மேல்முறையீட்டுக்கு இடமுள்ள வழக்கில், அதற்குரிய காலம் முடியும்வரை, மேல்முறையீடு செய்யப்பட்டால் அது முடியும்வரை, அபராதத்திலிருந்து அப்பணம் வழங்கப்படக் கூடாது என்பது சட்டம். அந்த ஆண்டுகளில் வீடு மாறும், முகவரி மாறும், வழக்கறிஞர் மாறுவார். உத்தரவு கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். சிலிக்கோசிஸ் என்னும் பாறைத்தூள் நோய்க்கு இழப்பீடு கேட்டுத் தலைமுறைகளாகப் போராடிய ஊருக்கு, எவர் கையில் பேரேடு இருக்கிறதோ அவரிடமே அதிகாரம் இருக்கிறது என்பதைப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இது தங்கவயலின் தனித் துயரம் என்று எவரும் ஒதுக்க முடியாது. குஜராத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் எழுதிய கடிதத்தின் பேரில் உச்சநீதிமன்றம் 2024இல் தானாக முன்வந்து ஒரு வழக்கை எடுத்தது. அம்மாநிலத்தின் விபத்துத் தீர்ப்பாயங்களில் மட்டும் ஏறத்தாழ 282 கோடி ரூபாய் உரியவர்கள் வந்து பெறாமல் கிடப்பது அதில் வெளிப்பட்டது. தொழிலாளர் நீதிமன்றங்களில் கிடந்தது 6 கோடிக்கு மேல். இவை தீர்ப்பாகி, வசூலாகி, கட்டப்பட்டும் விட்ட பணங்கள். வென்றவர்களுக்குத் தாங்கள் வென்றது தெரியாது அல்லது வங்கிக் கணக்கு இல்லை, முகவரி இல்லை. 2025 ஏப்ரல் 22 அன்று உச்சநீதிமன்றம் சில வழிகாட்டுதல்களைத் தந்தது: மனுவிலேயே வங்கிக் கணக்கு விவரம் வாங்குவது, கிடக்கும் தொகையை இணையத்தில் காட்டுவது, சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் மூலம் உரியவர்களைத் தேடிக் கண்டுபிடிப்பது. வரவேற்கத்தக்கவையே. ஆனால் அவை விபத்துத் தீர்ப்பாயங்களுக்கும் தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்களுக்கும் உரியவை. குற்றவியல் நீதிமன்றங்களில் குற்றவாளி கட்டும் இழப்பீடு அந்த வெளிச்சத்திற்குள் வரவில்லை.

கணக்கு இல்லாத இடத்தில் இலாபம் யாருக்கு என்று பார்க்க வேண்டும். 395ஆம் பிரிவிலேயே ஓர் உட்பிரிவு இருக்கிறது: குற்றவியல் நீதிமன்றம் வழியாகக் கிடைத்த இழப்பீட்டை, அதே விவகாரத்தில் பின்னர் வரும் உரிமையியல் வழக்கில் இழப்பீடு நிர்ணயிக்கும்போது கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரே இழப்புக்கு இருமுறை பணம் கூடாது என்ற நியாயமாகவே இது தோன்றும். தீர்ப்பாயத்தில் உண்மையில் பணம் கொடுப்பவர் யார்? காப்பீட்டு நிறுவனம். தண்டனையின் பகுதியாகக் குற்றவாளி கட்டிய ஒரு லட்சத்தைத் தீர்ப்பாயமும் கழித்துக்கொள்ளுமானால், அந்த ஒரு லட்சம் குடும்பத்தின் கைக்கு வந்து காப்பீட்டு நிறுவனத்தின் பைக்குப் போய்விடுகிறது. குற்றவாளியின் தண்டனையால் குறைந்தது நிறுவனத்தின் செலவுதான்.

காப்பீட்டு நிறுவனங்கள் இதோடு நின்றுவிடவில்லை. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 150ஆம் பிரிவு, ஓட்டுநர் குடித்திருந்தார் என்பதையே பாலிசி மீறலாகக் காட்டி வாதாட நிறுவனங்களுக்கு இடம் தருகிறது. பாதிக்கப்பட்டவருக்கு முதலில் நிறுவனம் கொடுக்க வேண்டும், பிறகு ஓட்டியவரிடமும் உரிமையாளரிடமும் வசூலித்துக்கொள்ளலாம் என்று கேரள உயர்நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொன்னது. 'கொடுத்து மீட்டுக்கொள்' என்ற இந்த முறையே சரி. தெருவில் நடந்து சென்றவர் அந்த பாலிசியில் கையொப்பம் இட்டவர் அல்லர். எதிரே வரும் கார்க்காரர் குடித்திருக்கிறாரா என்று பார்த்து அடிபடும் வாய்ப்பும் அவருக்கு இல்லை.

இனி அரசு. குடித்து ஓட்டுவதற்கு முதல்முறை 2,000 ரூபாயாக இருந்த அபராத வரம்பு 2019 செப்டம்பர் முதல் 10,000 ஆயிற்று; ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. காவல்துறையே தொகை வாங்கி முடித்துவிடக்கூடிய குற்றங்களின் பட்டியலில் இது இல்லை. ஆகவே ஒவ்வொரு வழக்கும் நீதிமன்றத்திற்குத்தான் போக வேண்டும், ஒவ்வொரு ரூபாயும் நீதிமன்றத்தின் பதிவேட்டில் ஏறியே தீர வேண்டும். கணக்குக் காட்டுவது கடினம் என்ற சாக்கு இங்கு எடுபடாது. அதே 2019 திருத்தம் 164பி பிரிவின் கீழ் ஒரு மோட்டார் வாகன விபத்து நிதியையும் உருவாக்கியது. குடித்து ஓட்டியோரின் அபராதத்தில் ஒரு பங்கு அந்நிதிக்குப் போக வேண்டும் என்று அப்பிரிவு கட்டாயமாக்கவில்லை.

கருநாடக அரசு 2025–26இல் மதுவின் மீதான ஆயத்தீர்வைக்கு வைத்த இலக்கு 40,000 கோடி ரூபாய். தமிழ்நாட்டின் டாஸ்மாக் 2024–25இல் அரசுக்கு ஈட்டித் தந்தது 48,344 கோடி. மோதிவிட்டு ஓடிய வாகனத்தால் இறந்தவரின் குடும்பத்திற்கு ஒன்றிய அரசு தருவது 2 லட்சம்; 2022 ஏப்ரலுக்கு முன் அது 25,000 ரூபாயாக இருந்தது. அதையும் பெற்றவர் எத்தனை பேர்? 2022இல் இத்தகைய விபத்துகள் 67,387 நிகழ்ந்தன; 2022–23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205, தீர்க்கப்பட்டவை 95. கோயம்புத்தூர் மருத்துவர் எஸ். இராசசேகரன் தொடுத்த பொதுநல வழக்கில் 2024 ஜனவரியில் உச்சநீதிமன்றம் வழங்கிய உத்தரவில் இடம்பெற்ற எண்கள் இவை. குடிப்பதற்கு விற்று ஒரு வரவு, குடித்தவனைப் பிடித்து இன்னொரு வரவு. அடிபட்டவருக்குத் திட்டம் இருக்கிறது என்ற தகவல்கூட இல்லை. நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று 2016 டிசம்பர் 15இல் உச்சநீதிமன்றம் கூறியபோது, பல மாநில அரசுகள் கடைகளை நகர்த்துவதைக் காட்டிலும் நெடுஞ்சாலைகளை உள்ளூர்ச் சாலைகள் என்று பெயர் மாற்றுவதில் காட்டிய சுறுசுறுப்பை மறக்க முடியாது.

இதற்குக் கூறப்படும் மறுமொழிகளில் இரண்டு மட்டுமே பொருட்படுத்தத்தக்கவை.

'பணம்தான் கொடுத்தாயிற்றே' என்பது ஒன்று. தில்லி வழக்கிலும் இது ஒலித்தது. இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம், காயமுற்றவருக்கு 5 லட்சம் என 65 லட்சம் முன்பே கொடுக்கப்பட்டிருந்தது. அக்குடும்பங்களுக்கு அது தேவைப்பட்ட பணம். வாங்கியதற்காக அவர்களை எவரும் குறைகூற முடியாது. ஆனால் அப்பணம் சிறை நாள்களைக் கழிக்கும் நாணயமாகும்போது, சட்டம் இரண்டு விலைப் பட்டியல்களை வைத்துக்கொள்கிறது. பஞ்சாபில் அதிவேகமாக ஓட்டி இருவரைக் கொன்றவரின் ஓராண்டுச் சிறையை, 85,000 ரூபாய் இழப்பீடு கொடுத்தார் என்பதற்காக உயர்நீதிமன்றம் அவர் கழித்திருந்த 24 நாள்களாகக் குறைத்தது. 2015 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதை ரத்து செய்து ஆறு மாதமாக்கியது. மும்பை கார்ட்டர் சாலையில் 2006 நவம்பரில் நடைபாதையில் உறங்கிய தொழிலாளர் எழுவரைக் கொன்ற குடிகார ஓட்டுநர் வழக்கிலும், விசாரணை நீதிமன்றம் கொடுத்த ஆறு மாதம் மூன்று ஆண்டுகளானது மேல் நீதிமன்றங்களில்தான். சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் மனுநீதிச் சோழனுக்குச் சிலை இருக்கிறது. இளவரசனின் தேர்க்காலில் கன்று மாண்டபோது அமைச்சர்கள் சொன்ன ஆலோசனை, அந்தணர் விதித்த பரிகாரத்தைச் செய்து முடித்துக்கொள்ளலாம் என்பதே. நிலவுடைமைக் காலத்துப் புராணத்தைத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த அமைச்சர்களின் குரல் இன்றும் வழக்காடுமன்றங்களில் கேட்கிறது. பரிகாரம் என்ற சொல்லுக்குப் பதில் தொகை என்ற சொல் வந்திருக்கிறது, அவ்வளவே.

இரண்டாவது மறுமொழி இடதுசாரிகளின் பக்கத்திலிருந்தே வருகிறது, ஆகவே அதை நின்று கேட்க வேண்டும். சோதனையில் பிடிபடுவோரில் பெரும்பாலோர் இருசக்கர வாகனத்தில் செல்லும் உழைப்பாளிகள். அபராதம், இழப்பீடு, மீட்பு என்று பேசுவது அவர்கள் முதுகில் இன்னொரு சுமையை ஏற்றும். மதுவிலக்குப் பிரச்சாரம் காந்தியவாதிகளின் வேலை, வர்க்கப் போராட்டத்தின் வேலையன்று என்பது இந்த வாதம்.

இதன் முற்பாதி உண்மை. அமெரிக்காவின் ஃபெர்குசன் நகரில் நீதிமன்ற அபராதங்களையே நகராட்சி வருமானமாக்கிக் கறுப்பின ஏழைகளைப் பிழிந்த கதையை அந்நாட்டு நீதித்துறையின் 2015 அறிக்கையே சொல்லியது. கட்டணம் கட்ட முடியாதவர் கைதாவதும் அதனால் கடன் பெருகுவதும் அங்கு அன்றாடம். ஆனால் இந்த உண்மையிலிருந்து வரும் முடிவு, கணக்கு வேண்டும் என்பதே. கணக்கைக் கைவிடலாம் என்பதன்று. அதே நாட்டில் கலிபோர்னியாவின் சட்டம், தண்டிக்கப்பட்டவர் தவணையில் கட்டும் பணம் எந்த வரிசையில் பங்கிடப்பட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறது: முதலில் பாதிக்கப்பட்டவர், பின்பு அரசின் மேல்வரி, பின்பு அபராதம், கடைசியில்தான் அரசின் பிற செலவுகள். டென்னஸி மாநிலம், குடித்து ஓட்டிப் பெற்றோரைக் கொன்றவர் அப்பிள்ளைகளுக்குப் பராமரிப்புத் தொகை கட்ட வேண்டும் என்று 2023 முதல் விதித்திருக்கிறது. ஃபின்லாந்தில் 1921 முதல் நாள்-அபராத முறை உண்டு; அபராதம் குற்றவாளியின் ஒருநாள் வருமானத்தை அலகாகக் கொண்டு கணக்கிடப்படுகிறது. இங்கோ கொத்தனாருக்கும் மென்பொருள் நிறுவன உரிமையாளருக்கும் அதே 10,000. ஒருவருக்கு அது அரை மாதக் கூலி, மற்றவருக்கு ஓர் இரவின் மதுக்கூட ரசீது. ஏழையின் பக்கம் நிற்பவர்கள் கேட்க வேண்டியது, வருமானத்திற்கேற்ற அபராதமும் தவணையும்.

பிற்பாதி தவறு. நள்ளிரவில் நடைபாதையில் உறங்குபவர் யார், நெடுஞ்சாலை ஓரமாக நடப்பவர் யார், பேருந்து கிடைக்காமல் சுமை வண்டியின் பின்புறம் ஏறுபவர் யார் என்று கேட்டால் இது யாருடைய பிரச்சினை என்பது விளங்கும். 2024 ஜனவரியில் லாரி ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தபோது, மோதிவிட்டுத் தப்பினால் பத்தாண்டுச் சிறை என்ற பிரிவை ஒன்றிய அரசு நிறுத்தி வைக்க நேர்ந்தது. ஓட்டுநரும் உழைப்பாளி, அடிபட்டவரும் உழைப்பாளி. இருவரையும் எதிரெதிரே நிறுத்திவிட்டு அரசும் காப்பீட்டு மூலதனமும் விலகி நிற்பதை அம்பலப்படுத்துவது வர்க்கப் போராட்டத்திற்குப் புறம்பானதன்று. கேரளத்தில் இடது ஜனநாயக முன்னணி ஆட்சியில் 2007இல் நிறைவேறிய சாலைப் பாதுகாப்பு ஆணையச் சட்டம், போக்குவரத்துக் குற்றங்களுக்கு வசூலாகும் சமரசக் கட்டணத்தில் பாதியைச் சாலைப் பாதுகாப்பு நிதிக்கு ஒதுக்கச் செய்தது. நீதிமன்ற அபராதம் அதில் அடங்கவில்லை என்பது உண்மைதான். வரும் பணத்திற்குத் தனிக் கணக்குத் தலைப்பு வைக்க மாநிலச் சட்டத்தாலேயே முடியும் என்பதற்கு அது சான்று.

ஆகவே கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். குடித்து ஓட்டிய வழக்குகளில் வசூலான அபராதம், உத்தரவிடப்பட்ட இழப்பீடு, உண்மையில் கைக்குப் போன இழப்பீடு ஆகிய மூன்றையும் ஒவ்வொரு மாவட்ட நீதிமன்றமும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். பாதிக்கப்பட்டவரே முதல் உரிமையாளர் என்று 395ஆம் பிரிவு திருத்தப்பட வேண்டும். அவருக்குக் கிடைக்கும் தொகையைக் காட்டிக் காப்பீட்டு நிறுவனம் தன் பொறுப்பைக் குறைத்துக்கொள்ளக் கூடாது. மது வருவாயில் ஒரு நிலையான பங்கு விபத்து நிதிக்குப் போக வேண்டும். ஏழைக் குற்றவாளியால் கட்ட முடியாதபோது பாதிக்கப்பட்ட குடும்பம் காத்திருக்காமல் அந்நிதி முன்பணம் தர வேண்டும். 2011இலிருந்தே கருநாடகத்தில் பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டுத் திட்டம் இருக்கிறது. அதன் கதவு எங்கே என்று மக்களுக்குத் தெரியாமல் இருப்பதே குறை.

சட்டத் திருத்தம் வரும்வரை கோரமண்டல் கிளை காத்திருக்க வேண்டியதில்லை. தங்கவயல் நீதிமன்றங்களில் கடந்த மூன்று ஆண்டுகளில் 185ஆம் பிரிவின் கீழ் எத்தனை பேர் தண்டிக்கப்பட்டனர், எவ்வளவு வசூலாயிற்று, விபத்து மரண வழக்குகளில் எத்தனையில் இழப்பீடு உத்தரவாயிற்று, அதில் எவ்வளவு வழங்கப்பட்டது, எவ்வளவு கிடக்கிறது என்று தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றத்திடமும், கோலார் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடமும் கேட்கலாம். விண்ணப்பம் கன்னடத்தில் போகட்டும். வரும் பதிலைத் தமிழில் பெயர்த்து, லைன் லைனாகப் படித்துக்காட்டி, பெயர் விடுபட்ட குடும்பங்களைத் தேடிப் பட்டியல் எடுக்கும் வேலை கிளையினுடையது.